நாலாவது ஆணி

நனைந்த தென்னை நாரின் வாசம் எங்கே வந்தாலும் நின்றுவிடுகிறேன். எங்கள் பள்ளியின் பழைய மாணவர் கிரிக்கெட் கிளப் அந்த வாசத்தில்தான் பிறந்தது. மைதானத்தில் நார்ப் பாயை விரித்து, ஓரமெல்லாம் ஆணி அடித்தால் அதுதான் எங்களுக்கு பிட்ச்.

அந்த ஆணிகளை, கணபதி என்கிற ஊரில் தான் வேலை பார்த்த லேத் பட்டறையில் செய்து கொண்டுவந்தவன் முருகேசன். ஒன்பதாவது வரை என்னோடு ஒரே பெஞ்ச்; அப்பா போனதும் படிப்பை விட்டவன். முதல் இரண்டு வருஷமும் அவன்தான் எங்கள் கீப்பர்.

பிறகு லீக்கில் சேர ஆசை வந்தது. செயலாளர் நான். எல்லாம் முறையாக இருக்கட்டுமென்று, பத்தாவது முடித்தவர்களே உறுப்பினர் என விதி எழுதினேன். யாரும் கேட்காமல் நானே எழுதியது. ஒரு ஞாயிறு காலை அதை மைதானத்தில் வாசித்தேன்.

ஆணி அடித்துக்கொண்டிருந்த முருகேசன் சிரித்தபடி நிமிர்ந்தான். "ஏன்டா, அப்ப லிஸ்டுல எம்பேரு எத்தனாவது?"

அந்த வரியை அங்கேயே அடித்திருக்கலாம். நான் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சிமெண்ட் பிட்ச் வந்துவிட்டது. கணபதி வழியாகப் பஸ்ஸில் போனால் பட்டறைச் சத்தம் கேட்கும் பக்கமெல்லாம் என் தலை திரும்புகிறது. அவனை அப்புறம் பார்க்கவேயில்லை.

அன்று மிச்ச ஆணிகளையும் அடித்து முடித்துவிட்டு, சுத்தியலை என் கையில் கொடுத்தான்.

"நாலாவது ஆணி ஆட்டங்குடுக்குதுங்க. பந்து போடறதுக்கு முன்னால ஒருக்கா அடிச்சுப்போடுங்க. நான் வாரேனுங்க."