சொல்லி முடிக்கும்வரை

ஊட்டி பெர்ன்ஹில்லில் எங்களுக்கு ஒரு சின்ன விடுதி இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் சில அறைகள் கட்டி, ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். சமையல், துணி, கணக்கு எல்லாம் என் பாடு. வருகிறவர்களை வரவேற்பது மட்டும் என் கணவரின் வேலை. கார் சத்தம் கேட்டதும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்குப் போய்விடுவார். "வாங்க வாங்க. வளைவுல குழந்தைக்கு வாந்தி எதும் வரலீங்களே?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியைக் கையில் வாங்கிக்கொள்வார். எங்களிடம் திரும்பத் திரும்ப வந்தவர்கள் அறைக்காக வரவில்லை, அவருக்காக வந்தார்கள் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் அவருக்கு நடுக்குவாதம் வந்தது. முதலில் வலது கை நடுங்கியது. பிறகு நடை சுருங்கியது. அதற்கப்புறம் பேச்சு. சொல்ல வேண்டியது உள்ளே தயாராக இருக்கும், வாய்க்கு வந்து சேர நேரமாகும். முகமும் இறுகிப்போனது. அவர் சிரிப்பது எனக்குத் தெரியும், அடுத்தவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் கேட்டுக்குப் போவதை அவர் விடவில்லை. பெட்டி தூக்க முடியாவிட்டால் என்ன, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார்.

எங்கள் ஒரே மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஹோட்டல் அறைகளை ஆன்லைனில் பதிவு செய்து தரும் கம்பெனி. தங்கிவிட்டுப் போனவர்கள் எழுதுகிற குறைகளைப் படித்து, எதை எப்படி மாற்றலாம் என்று சொல்ல வேண்டும். கஸ்டமர் எக்ஸ்பீரியன்ஸ் என்று அந்த வேலைக்குப் பெயர். போன ஜூலையில் லீவு போட்டு வந்திருந்தாள். சீசன் முடிந்து, விடாமல் தூறிக்கொண்டிருந்த நேரம். அறைகளெல்லாம் காலி.

"ஊட்டிக்கு ஊரே வருதும்மா. நம்ம மூணு பேரும் ஒண்ணா எங்காச்சும் போயிருக்கமா?" என்றாள். குன்னூர்ப் பக்கம் புதிதாக வந்திருந்த ஒரு ரிசார்ட்டில் மதியச் சாப்பாட்டுக்கு மேசை பதிவு செய்துவிட்டாள். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி கண்ணாடிச் சுவரோரம் உட்காரலாமாம்.

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். சட்டைப் பொத்தானை நான் போட வந்தபோது என் கையைத் தள்ளிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகத் தானே போட்டுக்கொண்டார். விசேஷங்களுக்கு மட்டும் எடுக்கிற கறுப்புக் கோட்டைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். மகள்தான் கார் ஓட்டினாள். லவ்டேல் தாண்டும்போது பனி அடைத்துக்கொண்டு, எதிரே வந்த பஸ்ஸின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. முன் சீட்டில் இருந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு… நம்ம… விருந்தாளி" என்றார்.

ரிசார்ட் வாசலில் ஒரு பெண் கைகூப்பி வரவேற்றாள். தட்டிலிருந்து பழரசத்தை எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். மெல்லிய கண்ணாடித் தம்ளர், விளிம்பு வரைக்கும் ஊற்றியிருந்தது. நான் நடுவில் புகுந்து வாங்குவதற்குள் அவர் கையை நீட்டிவிட்டார். பாதி கோட்டில் கொட்டியது, மீதி தரையில். "பரவால்லைங்க சார்" என்றாள் அந்தப் பெண், சிரிப்பு கொஞ்சமும் குறையாமல். அடுத்த நொடியே ஒரு ஆள் துடைப்பானோடு வந்து என் கணவரின் செருப்பைச் சுற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடிகிற வரைக்கும் இவர் அசையாமல் நின்றார்.

மேலாளர் வந்தார். நாங்கள் கண்ணாடிப் பக்கம் போகத் திரும்பியதும், "அங்க தரை வழுக்குமுங்க. சாருக்கு இங்கதான் வசதி" என்று சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த மேசையைக் காட்டினார். எங்களுக்கென்று வைத்திருந்த மேசையில் கொஞ்ச நேரத்தில் வேறு இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். தரை வழுக்கும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

சாப்பாட்டுப் பட்டியலை அவருக்கு முன்னால் பிடித்துக் காட்டினேன். அவர் நிதானமாக ஒவ்வொன்றாகப் படித்தார். ஆர்டர் எடுக்க வந்த பையன் மகளைப் பார்த்து, "சாருக்கு என்ன மேடம்?" என்றான்.

"அவருகிட்டயே கேளுங்க தம்பி" என்றேன்.

அவன் குனிந்து, காது கேட்காதவரிடம் பேசுகிற மாதிரி, "சார்! என்ன! சாப்பிடறீங்க!" என்று கத்தினான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேட்கச் சொன்னவள் நான்தான்.

"எ… எனக்கு…" என்று அவர் ஆரம்பித்தார். பையனின் கண் வேறு மேசையில் கை தூக்கியவர் பக்கம் போனது. "யோசிச்சு வைங்க சார், வந்தர்றேன்" என்று போய்விட்டான்.

அவன் நின்றிருந்த இடத்தைப் பார்த்து இவர் சொல்லி முடித்தார். "மீன் கொழம்பு."

மகள் சட்டென்று எழுந்தாள். அவர் அவள் சட்டைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு என்ன வந்தது, என்ன சாப்பிட்டோம் என்று எனக்கு நினைவில்லை. அவருக்கு மீன் குழம்பு வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் பசியில்லை என்றார்.

திரும்பும்போது கார் எடுக்காமல் மகள் போனில் எதையோ அழுத்தமாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன… பண்ற கண்ணு?"

"ரிவ்யூ எழுதறேன்ப்பா. ஒத்த ஸ்டார். அந்தப் பையன், அந்த மேனேஜர், எல்லாத்தையும் எழுதப் போறேன்."

"வேண்டாம்."

"ஏன்ப்பா? இத்தன பண்ணியிருக்காங்க!"

வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்தப் பையன்… வேல போயிரும். அவன்… கெட்டவன் இல்ல சாமி. அவனுக்கு… நிக்கறதுக்கு… நேரம் குடுக்கல. சொல்லி முடிக்கற வரைக்கும்… நிக்கோணும். அதத்தான்… யாரும் சொல்லித் தர்றதில்ல."

மகள் போனை அணைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அது அந்த நாளோடு முடிந்திருந்தால் தேவலை. அடுத்த வாரம் ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கார் சத்தம் கேட்டது. அவர் சேரை விட்டு எழவில்லை.

"ஏனுங்க, ஆளுக வந்துட்டாங்க."

"நீ போ."

அவர்களுக்கு அறையைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்து, "உடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டேன். வாசல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"அங்க… என்னைப் பாத்தாங்களே. நம்மூட்டுக்கு… வர்றவங்களும்… அப்பிடித்தான் பாத்திருப்பாங்க. எனக்குத்தான்… தெரியல."

அப்படி யாரும் பார்த்ததில்லை என்று சொன்னேன். பழைய ஆட்கள் போனில் முதலில் அவரைத்தான் விசாரிக்கிறார்கள் என்றேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை. அவரைச் சந்தோஷப்படுத்தத்தான் நாங்கள் அந்த ரிசார்ட்டுக்குப் போனோம். அங்கே அவர் பிறர் கண்ணால் தன்னைப் பார்த்துவிட்டார். அதை யாராலும் திருப்பி எடுக்க முடியவில்லை.

மகள் பெங்களூர் போனதும் தன் அலுவலகக் கூட்டத்தில் இதைப் பேசினாளாம். ஒருவர் பதில் சொல்ல எடுத்துக்கொள்கிற நேரத்தையும் சேர்த்துத்தான் உபசரிப்பு என்றாளாம். எல்லோரும் அக்கறையாகக் கேட்டார்களாம். கடைசியில் மேலதிகாரி, "நல்ல விஷயம்தான். ஆனா இந்த மாதிரி கஸ்டமர் எத்தனை பேரு வரப்போறாங்க?" என்றாராம். போனில் இதைச் சொல்லும்போது அவள் குரல் கம்மியிருந்தது.

நான் என் விடுதியில் சிலதை மாற்றிக்கொண்டேன். காபியை முக்கால் தம்ளருக்கு மேல் ஊற்றுவதில்லை. எந்த அறை வசதி என்று நானாக முடிவு செய்வதில்லை, எல்லாவற்றையும் காட்டி அவர்களிடமே விட்டுவிடுகிறேன். யாரிடமாவது ஒன்று கேட்டால், அவர் சொல்லி முடிக்கும்வரை அவரைப் பார்த்தபடி நிற்கிறேன். நிற்பது சுலபமில்லை. அடுப்பில் பால் இருக்கும், போன் அடிக்கும், கால் தானாக நகரப் பார்க்கும்.

இந்த சீசனில் திருப்பூரிலிருந்து ஒரு பெரியவர் மகன்களோடு வந்திருந்தார். பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. மதியத்துக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டேன். மகன்களில் ஒருவர் பேச வாயெடுத்தார். "அய்யா சொல்லட்டுங்க" என்று நின்றேன். குக்கர் இரண்டு முறை கூவியது. பெரியவர், "ர… ரசம்" என்றார். நல்ல மிளகு ரசமாக வைத்துக் கொடுத்தேன்.

உள்ளே வந்து என் கணவரிடம் இதைச் சொன்னேன்.

"சாப்ட்டாரா?"

"சாப்ட்டாருங்க. ரெண்டாந்தரமும் வாங்கிக்கிட்டாரு."

அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"நாளைக்கு அவங்க கெளம்பறாங்க. ஒரு தடவ வெளிய வந்து பேசுங்களேன். அவருக்கும் நல்லாருக்கும்" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். நானும் அவசரப்படாமல் நின்றேன்.

"மழ… பேயுது" என்றார்.

வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.