ஸ்கேன் அறையிலிருந்து ஒரு பாட்டு

ஸ்கேன்காரர் பாடிக்கொண்டே கதவைத் திறந்தால் நரம்பு துளிர்த்துவிட்டது. வாயைப் பூட்டிக்கொண்டு வந்தால் கை போனது போனதுதான். எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் இதை வேதவாக்காகச் சொல்கிறார்கள். கை நரம்பு அறுந்து தைத்துக்கொண்டவர்கள். டாக்டரின் அறிக்கை வர நாளாகும். பாட்டு உடனே கிடைக்கிறது. உள்ளே போய் வந்தவரிடம் முதல் விசாரணையே, "பாடுனாரா?" என்பதுதான்.

வதந்தியைச் சோதிக்க நானும் போனேன். ஸ்கேன்காரர் ஒல்லி, நாற்பதைத் தாண்டியவர். வீட்டில் சண்டை முற்றும்போதுகூட மனைவியிடம் வாய் தவறி, "அசையாதீங்க, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்றுவிடுவாராம்.

பாட்டைப் பற்றிக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"படம் கலங்காம வந்தா பாட்டு வந்துடும் சார். ஆள் ஆடாம படுத்திருந்தாருன்னு அர்த்தம். நல்ல நரம்புல தண்ணி நீளவாக்குல நகரும். அறுந்த இடத்துல கண்ட பக்கமும் பரவும். நரம்பு வளர வளர மறுபடி ஒழுங்குக்கு வரும். சில சமயம் விரல் அசையறதுக்கு முன்னாடியே அது படத்துல தெரியும். ஆனா அதைச் சொல்ல வேண்டியது டாக்டர், நான் இல்ல."

ஆக, வளராத நரம்புக்காரர் அசையாமல் படுத்தால் அவருக்கும் ஒரு பாட்டு உண்டு. வளர்ந்த நரம்புக்காரர் இருமித் தொலைத்தால் கிடையாது.

வதந்தி காதுக்கு எட்டியதும் பாட்டை நிறுத்திப் பார்த்தாராம். ஓர் அம்மா வெளியே வந்து அழுதுவிட்டார். எல்லாருக்கும் பாடிப் பார்த்தார். பொய் சொல்வதுபோல் இருந்தது. "அப்புறம் விட்டுட்டேன். வாய் நம்ம பேச்சைக் கேட்டாத்தானே."

நான் போன அன்று உள்ளே இருந்தவர் ஒரு முடிதிருத்துபவர். கடைக் கண்ணாடி உடைந்து வலது மணிக்கட்டில் நரம்பு அறுந்தவர். இப்போது மைத்துனர் கத்தரி பிடிக்க, இவர் துண்டு உதறுகிறார். விரல் திரும்பாவிட்டால் கடை கைமாறிவிடும். முன்பு வந்தபோதெல்லாம் நெளிந்து நெளிந்து படத்தைக் கெடுத்தவர், அன்று கல்லாகக் கிடந்தார். கதவைத் திறந்த ஸ்கேன்காரர் தன்னை மறந்து ஒரு வரி இழுத்துவிட்டார்.

"பாடிட்டீங்க." முடிதிருத்துபவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, அது படத்துக்குப் பாடினது. நரம்புக்கு இல்ல. டாக்டர் சொல்லட்டும்."

"வெளிய சொல்லக்கூடாதுன்னு உங்களுக்கு ரூல்ஸ். எனக்குத் தெரியாதா? இந்தக் கையால மொத வெட்டு உங்களுக்குத்தான். அதுவரைக்கும் வேற கடையில தலையைக் குடுத்தீங்க, பாத்துக்குங்க."

அறிக்கை வந்தது. தையலுக்குக் கீழே லேசாக ஏதோ தெரிகிறது, உறுதியாகச் சொல்வதற்கில்லை, சில மாதம் கழித்து மறுபடி எடுக்கவும். "மாமா அதைப் பிரிச்சுக்கூடப் பாக்கல. 'பாட்டே வந்தாச்சு, பேப்பர் எதுக்கு'ங்கறாரு," என்றார் மைத்துனர்.

மழைக்காலம் முடிந்து அந்தப் பக்கம் போனேன். ஸ்கேன்காரரின் முடி காதை மூடிக் கழுத்தில் இறங்கியிருந்தது. மனைவி செருகிவிட்ட ஹேர்பின்னைக் காந்த அறைக்குள் கொண்டுபோக முடியாது. அதை உருவித் தட்டில் வைத்தார். காயத்துக்குக் கட்டும் துணியில் ஒரு துண்டு கிழித்து, பின்னந்தலையில் குடுமியாக இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டு, அடுத்தவரை உள்ளே அழைத்தார்.