குறுக்கே வந்த மாடு

ஐந்து மாதமாக எங்கள் குடும்பமே ஒரு மாட்டைத் திட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் மகளுக்கு அழகர்கோவிலில் மொட்டையடித்துக் காது குத்திவிட்டுத் திரும்பும்போது, அண்ணன் ஓட்டிவந்த வேன் வயலுக்குள் கவிழ்ந்தது. மாடு குறுக்கே வந்துவிட்டது என்றான். சேற்றில் விழுந்ததால் ஆளுக்கு நாலு சிராய்ப்போடு எழுந்து வந்தோம். எல்லோரும் தேறிவிட்டார்கள், நான்தான் தேறவில்லை. ஸ்கூட்டி ஓட்டுவேன். கார், பஸ் என்றால் படியில் கால் வைக்கும்போதே வாந்தி வந்துவிடும். அன்றைக்கு முன் சீட்டில் அண்ணன் பக்கத்தில் இருந்தவள் நான். அவன் கண் கையிலிருந்த போனில் இருந்தது. மாடு கீடு எதுவும் வரவில்லை.

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. ஆனால் அது அவன் காதுக்குப் போகக் கூடாது. அவன் மேல் அவ்வளவு கோபம் இருந்தும், அவன் முகம் வாடினால் எனக்குத் தாங்காது. வாந்திக்குப் பார்த்த டாக்டர் கவுன்சலிங் போகச் சொன்னார்.

அதற்கும் அண்ணனே ஆள் தேடக் கிளம்பியதுதான் கூத்து. மாப்பிள்ளை பார்ப்பது போல நாலு இடத்தில் விசாரித்து, "நம்ம பக்கத்து ஆளு, தங்கமான மனுசன்" என்று ஒருவரைப் பிடித்தான். என் ஸ்கூட்டிக்குப் பின்னாலேயே பைக்கில் வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டான். உள்ளே அந்தப் பெரியவர் பேனாவை எடுக்கும் முன்பே எந்த ஊர் என்று கேட்டார். உசிலம்பட்டிப் பக்கம் என்றேன். எங்கள் பக்கம் இந்தக் கேள்வி ஆரம்பித்தால் உறவு தெரியாமல் முடியாது. பத்தே நிமிடத்தில் அவர் முகம் மலர்ந்தது.

"உங்க பெரியப்பா வீட்டு விசேசத்துக்கெல்லாம் வந்திருக்கேனே. நான் உனக்கு மாமா முறைதான் தாயி. இனிக் கூச்சப்படாமச் சொல்லு."

மாமா என்று ஆன பிறகு எங்கே சொல்வது? அடுத்த காதுகுத்தில் அண்ணனுக்குப் பக்கத்து இலையில்தான் சாப்பிடுவார். "மாடு வந்துருச்சு மாமா" என்று சொல்லி, அவர் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்தேன். என் மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டாவது ஒரு அம்மா. எனக்கு முன்பே அண்ணன் போய் முழுக் கதையையும் ஒப்பித்துவிட்டிருந்தான். நான் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மாட்டைப் பாத்தாப் பயமா இருக்கா?" சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

மூன்றாவது ஆளை நானே தேடினேன், யாரிடமும் சொல்லவில்லை. அவரும் பெண்தான், என் வயதுதான் இருக்கும். உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில் என் வாய்தான் முந்திக்கொண்டது: "உங்களுக்கு எந்த ஊருங்க?"

"சொல்றேன். நல்லா விசாரிச்சுக்கங்க. சொந்தம்னு தெரிஞ்சா நான் பாக்க மாட்டேன். வேற ஒருத்தர்கிட்ட அனுப்பிருவேன்."

அவருடைய அப்பா ஊர், அம்மா ஊர், பெண் கொடுத்த ஊர், எடுத்த ஊர் என்று துருவித் துருவிப் பார்த்தோம். எங்குமே ஒட்டவில்லை. சொந்தமில்லை என்று தெரிந்து மதுரையில் இரண்டு பேர் கும்மாளமாகச் சிரித்தது அன்றைக்குத்தான் இருக்கும்.

"பிடிக்கலைன்னா ரெண்டு தடவையோட நிறுத்திக்கலாம். சொல்லணும்னு தோணும்போது சொன்னாப் போதும்" என்றார். அப்போதே இவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த வாரம் சொன்னேன். ஒரு மூச்சு அழுதேன். வெளியே வந்ததும் அகோரப் பசி, ரெண்டு பரோட்டா சாப்பிட்டேன்.

நாலு மாதம் கழித்து ஒரு காலையில் டவுன் பஸ் ஏறினேன். மூன்றே ஸ்டாப்தான். கம்பியைப் பிடித்த கை வியர்த்தது, ஆனால் வாந்தி வரவில்லை. நான் கவுன்சலிங் போவதும் பஸ் ஏறுவதும் எப்படியோ தெரிந்து, அண்ணன் பஸ்ஸுக்குப் பின்னாலேயே பைக்கில் வந்திருந்தான். நான் இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நின்றான்.

"பாப்பா, நீ இப்பக் கவுன்சலிங் போறியே, அவங்க என்னையும் பாப்பாங்களா?"

"எதுக்குண்ணே?"

ஹெல்மெட்டை பைக் கண்ணாடியில் மாட்டினான். "அன்னைக்கு மாடு எதுவும் வரலை."

"தெரியும்ணே. பக்கத்துலதான இருந்தேன்."

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அவங்க எனக்கு மட்டும்தான். உனக்கு வேற ஆளு நான் தேடித் தாரேன். சொந்தக்காரங்க மட்டும் வேணாம்."