அக்கா சாப்பிட்ட ராகி பான்கேக்

அக்கா இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரில் அக்காவின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பு, வீட்டில் எழுதத் தெரிந்தவன் என்பதால் என்னிடம் வந்தது. இதுவரை நான் சிரிக்கத்தான் எழுதியிருக்கிறேன். வீட்டில் யாரும் சிரித்ததில்லை என்பது வேறு விஷயம்.

அக்கா பிறந்து வளர்ந்தது பெங்களூர் நீலசந்திராவில். வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்துவந்த அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதினைந்து வயது. அடுத்த வாரமே பள்ளியை விட்டு கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போனார். இருபத்தாறு வருடம் சட்டைக்குக் காலர் தைத்தார். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் சூப்பர்வைசர் ஏசுவார் என்று பொழுதெல்லாம் தண்ணீரே குடிக்காமல் தைத்தார். அந்தக் காலர்களில்தான் நான் எம்.ஏ. வரை படித்தேன். அக்காவுக்குக் கல்யாணமான பிறகும், அவர் வீட்டிலேயே தங்கிப் படித்துக்கொண்டே இருந்தேன். ஆட்டோ ஓட்டும் மாமா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

ஞாயிறு காலையில் மட்டும்தான் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம். மகள் ஆசைப்பட்டாள் என்று அக்கா பான்கேக் சுடக் கற்றுக்கொண்டார். மைதா, முட்டை, பால், சர்க்கரை, அவ்வளவுதான். மகள் கல்யாணமாகி அத்திபெலே போன பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை.

பிறகு அக்காவின் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன என்றார்கள். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். எதைச் சாப்பிடலாம், எது கூடாது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை மாமா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். அக்காவால் அடுப்படியில் நிற்க முடியாமல் போனதும், ஞாயிறு பான்கேக்கை நான் ஏற்றுக்கொண்டேன். ஐம்பது வயதில் முதல்முறையாகக் கரண்டி பிடித்தேன்.

சும்மா செய்வேனா? படித்தவன் அல்லவா. மைதா விஷம், சர்க்கரை விஷம் என்று ஒரு சொற்பொழிவு நிகழ்த்திவிட்டு, ராகி மாவில் இரண்டு பச்சை வாழைப்பழங்களைப் பிசைந்து, பாதாம் பொடி போட்டு, பேரீச்சம்பழம் அரைத்து ஊற்றினேன். பெங்களூரில் ராகி கெடுதல் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் போட்ட நான்குமே ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளில் 'கூடாது' பக்கத்தில் இருந்தன. தினமும் அந்தக் கதவைத் திறந்து தண்ணீர் எடுத்தவன் நான். அகப்பட்ட புத்தகத்தையெல்லாம் படித்தவன் அந்த ஒரு தாளைப் படிக்கவில்லை.

அக்கா ஒன்று சாப்பிடுவார்; பசியில்லை என்பார். எனக்கு மனத்தாங்கல். நான்காவது ஞாயிறு, "நான் செஞ்சா பிடிக்கலையாக்கா?" என்று கேட்டேன். அன்று மூன்று சாப்பிட்டார்.

திங்கள் காலை அக்காவின் கால்கள் துவண்டன. மூச்சு இரைத்தது. மாமாவின் ஆட்டோவிலேயே கொண்டுபோனோம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கும் நிலைக்கு வந்துவிட்டது என்றார்கள். என்ன சாப்பிட்டார், வாழைப்பழமா, இளநீரா என்று நர்ஸ் கன்னடத்தில் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"இளநி குடிச்சேம்மா. தெருவுல வண்டி வந்துச்சு, ஆசையா இருந்துச்சு."

மாமா ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை. "இளநி கேக்குதாடி உனக்கு? அந்த லிஸ்ட்ட என்னாத்துக்கு ஒட்டி வெச்சிருக்கேன், அழகுக்கா?" என்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

மூன்றாம் நாள் அக்காவிடம் தனியாகக் கேட்டேன், தெரிந்தேதான் சாப்பிட்டாயா என்று.

"பழத்தோலு குப்பையில கெடந்துச்சே, தெரியாமலா? ஒண்ணு தின்னா ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன். இப்பத்தான் ஒரு வேலைக்குன்னு எழுந்து நிக்கிற. வேணான்னா மறுபடி புக்க எடுத்துக்கினு உக்காந்துடுவ. நான் இல்லாம போனா உங்க மாமாவுக்கு யாருடா சோறு போடுவா?"

அதன் பிறகு அந்தத் தாளைப் பார்த்து, மைதாவிலேயே சுட்டேன். ஆறு மாதம் கழித்து, ஒரு மதியம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் இதயம் நின்றது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றார் டாக்டர். நம்புகிறேன். படித்தவனுக்கு நம்ப ஏதாவது காரணம் கிடைத்துவிடும்.

டயாலிசிஸ் பிரிவில் அக்காவைத் தாய்போல் பார்த்துக்கொண்ட சகோதரிகளுக்கும், ரத்தம் கொடுத்த ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்களுக்கும், அத்திபெலேயிலிருந்து வாரந்தோறும் வந்து அம்மாவைக் குளிப்பாட்டிய மகளுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

மாமாவுக்கு நன்றி சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. அந்த ஆறு மாதமும் நீங்கள் அக்காவை இளநீரைச் சொல்லிச் சொல்லித் திட்டினீர்கள். இன்றும் துக்கம் கேட்க வருபவர்களிடம், வாயைக் கட்டியிருந்தால் இன்னும் இருந்திருப்பாள் என்கிறீர்கள். அக்கா வாயைக் கட்டித்தான் இருந்தார், மாமா. இளநீர் வண்டி எதுவும் அன்று வரவில்லை. நேரில் சொல்லத் துணிவில்லாததால் அச்சில் சொல்கிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போது நான் உள்ளே திதிப் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருப்பேன். கூப்பிடுங்கள், வருகிறேன்.