டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மூன்று பட்டை

எழுபதுகளின் கடைசியில் என் அண்ணன் ஆரணியில் ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் காலை ஏழு மணிக்கு ஒரு பட்டு வியாபாரி சேலை மூட்டையோடு வேலூருக்குக் கிளம்புவார். மற்ற சவாரிகள் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. இந்த ஒரு சவாரியை நம்பித்தான் வீடு நடந்தது.

ஆயுத பூஜைக்குப் பிறகு வண்டி மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கியது. நான்கு சிலிண்டரில் ஒன்று எரியாமல் விட்டுவிடும். வண்டி விக்கும், குலுங்கும், பிறகு நின்றுவிடும். மூன்று வெள்ளிக்கிழமைகள் சேவூர் தாண்டுவதற்குள் நின்றது. மூன்றாவது முறை வியாபாரி மூட்டையோடு இறங்கிப் பஸ்ஸைக் கை காட்டினார்.

“வர்ற வெள்ளிக்கெயம வரைக்கும் பாக்குறேம்ப்பா. அன்னிக்கும் பேஜார் பண்ணா வேற வண்டி வெச்சிக்கிறேன்.”

மெக்கானிக் பாய் பிளக்குகளை மாற்றினார். கார்பரேட்டரைக் கழுவினார். ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் கறுப்பு மூடியைக் கழற்றி உள்ளே துடைத்தார். பட்டறையில் வண்டி குறையே இல்லாமல் ஓடியது.

நான் அப்போது ஒரு நாளிதழுக்கு ஊர்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். இஞ்சின் வேலை அரைகுறைதான். ஆனால் எப்போது, எங்கே, அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்கத் தெரியும். அண்ணன் சொன்னதை எழுதிப் பார்த்தேன். மிஸ்ஸிங் எல்லாம் காலை வேளையில். தூறல் நாளில் அதிகம். வெயில் ஏறினால் இல்லை. பாய் பட்டறையைத் திறப்பதே பத்து மணிக்கு மேல். வெள்ளிக்கிழமை மட்டும் தவறாமல் உண்டு.

“ஈரம்தாண்ணா,” என்றேன்.

“ஷெட்ல நிக்கிற வண்டிக்கு எங்கடா ஈரம்?”

அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே ஷெட்டுக்குப் போய் நின்றேன். அண்ணன் குளித்துவிட்டு வந்தார். விபூதியைத் தண்ணீரில் குழைத்தார். பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் மூன்று விரலால் பட்டை இழுத்தார். ஒவ்வொரு வெள்ளியும் இப்படித்தானாம். முன்பெல்லாம் வண்டிக்கு வெளியே வைத்துக்கொண்டிருந்தவர், ஆயுத பூஜைக்குப் புது மூடி போட்டதிலிருந்து உள்ளே இந்த மூடியில் வைக்கிறார். பாய் அந்தப் பட்டையைப் பார்த்திருக்கிறார். விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துக் கழற்றி, அப்படியே திருப்பி மாட்டியிருக்கிறார். மரியாதை.

வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். விக்கியது. ஒரு போர்வையை என் தலைக்கும் இஞ்சினுக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு இருட்டில் பார்த்தேன். ஒரு ஒயரின் அடியிலிருந்து பக்கத்து ஒயரின் அடிக்கு, நடுப்பட்டையின் மேலேயே, நீலப்பொறி ஓடிக்கொண்டிருந்தது. பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் ஈர விபூதியில் குறுக்கு வழி போய்க்கொண்டிருந்தது.

அண்ணனையும் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். ஆனாலும் ஒப்பவில்லை.

“சாமிய தொடச்சிட்டு வண்டி எடுக்கச் சொல்றியா?”

காப்பி கொண்டுவந்த அண்ணி வாசலிலேயே நின்றார். “ஊரே நெத்தில பூசிகினு போவுது. நீங்க மூக்குல அடைச்சி வெச்சா அது தும்மாம இன்னாங்க பண்ணும்?”

“உன்ன யாரு கேட்டா?”

“யாரும் கேக்கல. மணி ஆறே முக்கால். அவுரு வந்துகினு இருப்பாரு.”

அண்ணன் இஞ்சினை நிறுத்தினார். வேட்டி முனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதனாலேயே மூடியை அவரே துடைத்தார். உலர்ந்த துணியால் நான் இன்னொரு முறை துடைத்தேன். மிச்ச விபூதியை முன்புறம், இரண்டு விளக்குகளுக்கும் நடுவே பட்டையாக இழுத்தார். இந்த முறை இஞ்சின் விக்கவில்லை.

வியாபாரி வந்தார். நான் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். பின்னால் அவர் மூட்டையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார், இறங்கத் தயாராக. லேசாகத் தூறியது. சேவூர் கடந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மூட்டையைப் பக்கத்தில் இறக்கிவைத்துவிட்டுக் கால் நீட்டினார்.

“வர்ற வாரம் இன்னும் ஜல்தியா வந்துரு. ஆறரைக்கே கெளம்பிடலாம்,” என்றார்.