வீடு வந்தால் ஒரு மிஸ்கோல்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர், நண்பர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். மருமகனாகிய நான்தான் மாமாவைப் பற்றி எழுத வேண்டும் என்று மாமி கேட்டுக்கொண்டார். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதிப் பழகிய கை இது, அழகாக எழுத வராது. ஆகவே என் மகளுக்கும் மகனுக்கும் சொல்வதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெரியவர்களும் கூட இருந்து வாசியுங்கள்.

பிள்ளைகளே, அம்மப்பா காலமாகி எட்டாம் நாள் செய்த எட்டுச் செலவு அன்று மகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, உங்கட வேலையோ, அம்மப்பாட வேலையோ கூடின ஆபத்து?" பந்தியில் சோறு போட்டுக்கொண்டு நின்றபடியால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் இது புதுக் கேள்வி இல்லை. இதே கேள்வியால்தான் உங்கள் அம்மாவுக்கும் எனக்கும் கலியாணம் நடக்காமல் போகப் பார்த்தது.

மாமா பிறந்தது தம்பலகாமத்தில். வயலில் புல்லுப் பிடுங்கும்போது புடையன் பாம்பு கடித்து அவருடைய தகப்பனார் காலமானார். அப்போது மாமா ஐந்தாம் வகுப்பு. அதோடு புத்தகத்தை வைத்துவிட்டு அதே வயலில் இறங்கினார். சம்பூரில் பெண் எடுத்தார், அவர்தான் மாமி. பிரச்சினைக் காலத்தில் குடும்பத்தோடு ஊரை விட்டு ஓடவும், திரும்பி வந்து காடு பற்றிப்போன வயலை மறுபடி வெட்டித் திருத்தவும் நேர்ந்தது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. வாய்க்கால் தண்ணீருக்காக அவர் யாரோடும் சண்டை பிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தன் முறை வந்தாலும், பக்கத்து வயல் காய்ந்து கிடந்தால் "முதல்ல நீ தண்ணி கட்டு" என்று மடையைத் திறந்து விடுவார். அவருடைய பிள்ளைகளில் கடைசி உங்கள் அம்மா.

யுத்தம் முடிந்த பிறகுதான் நான் பொலிஸில் சேர்ந்தேன். எனக்குப் பெண் பார்த்த தரகர் மாமாவிடம் "பையனுக்கு அரசாங்க உத்தியோகம், பென்சன் இருக்கு, பாலையூற்றில் சொந்த வீடு" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார். மாமா என்னை ஏதோ கந்தோரில் மேசையில் இருந்து எழுதுகிறவன் என்று நினைத்துவிட்டார்.

என் அம்மாவோடும் அத்தானோடும் தரகரோடும் நான் பெண் பார்க்கப் போனேன். முன் விறாந்தையில் கதிரை போட்டிருந்தது. தேத்தண்ணியும் வந்தது.

"தம்பி எந்தக் கந்தோரில?" என்று மாமா கேட்டார்.

"பொலிஸில, ஐயா."

"பொலிஸ் கந்தோரில கிளாக்கரோ?"

"இல்லை ஐயா. பொலிஸ்தான்."

மாமா தரகரைப் பார்த்தார். தரகர் கூரையைப் பார்த்தார். பிறகு மாமா மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். "குறை நினைக்காதேங்கோ தம்பி. உங்களைப் பாத்தால் நல்ல பிள்ளையாத்தான் தெரியுது. ஆனால் பொலிஸுக்கு என்ர பிள்ளையைக் குடுக்க ஏலாது. காலமை தொப்பியைப் போட்டுக்கொண்டு போன எத்தினை பேர் பின்னேரம் வரேல்ல எண்டதை நான் கண்ணால கண்டனான். என்ர பிள்ளை வாசலைப் பாத்துக்கொண்டு இருக்க வேண்டாம்."

நாங்கள் எழும்ப ஆயத்தமானோம். அப்போது தேத்தண்ணி போட்ட குசினிக்குள் இருந்து உங்கள் அம்மாவின் குரல் கேட்டது. அதுவரை அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்திருக்கவும் இல்லை.

"அப்பா, போன போகத்தில உங்களைப் பரணோட சேத்து விழுத்தினது பொலிஸோ, யானையோ?"

என் அத்தான் குடித்த தேத்தண்ணி மூக்கால் வந்தது. பரண் என்றால் மரத்தில் கட்டும் காவல் குடில். கதிர் முற்றும் நேரம் வயலுக்கு யானை வராமல் மாமா அதில் இருந்துதான் வெடி போடுவார். யானை அந்த மரத்தையே முட்டிச் சாய்த்துவிட்டது. மாமா பழைய வைக்கோல் போரில் விழுந்தபடியால் தப்பினார்.

"நீ உள்ளுக்குப் போய் இரு பிள்ளை," என்றார் மாமா.

"உள்ளுக்குத்தான் அப்பா நிக்கிறன்!"

மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை. என் பக்கம் திரும்பினார். "யானை பசியில வருது தம்பி. மனுசன் கோபத்தில வாறான். எனக்குப் பயம் மனுசனிலதான்."

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியாது. "கோபத்தில வாற மனுசனோட இருந்து கதைக்கலாம் ஐயா. பசியில வாற யானையோட கதைக்க ஏலுமோ?" என்றேன்.

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். எங்களை மறுபடி இருக்கச் சொன்னார். இரண்டாவது தேத்தண்ணி வந்தது. அதைக் குடித்து முடித்த பிறகுதான் தன் நிபந்தனையைச் சொன்னார். "ஓம், பாப்பம். ஆனால் ஒண்டு. வேலை முடிஞ்சு வீட்டு வாசல்ல கால் வைச்ச உடனே எனக்கு ஒரு மிஸ்கோல் அடிக்க வேணும். ஒவ்வொரு நாளும். கதைக்கத் தேவையில்லை. ஒருக்கா மணி அடிச்சால் காணும், தம்பி வீட்டை வந்திட்டார் எண்டு எனக்கு விளங்கும்."

"சரி ஐயா. அப்ப நீங்களும் வயலால வந்த உடனே எனக்கு ஒண்டு அடிக்க வேணும்."

"நானோ? எனக்கு ஏன்?"

"யானை நிக்குதெல்லே, ஐயா."

மாமா கையில் இருந்த வெறும் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இவ்வளவு காலமும் இதை ஆரும் என்னட்டைக் கேக்கேல்ல," என்றார். கலியாணம் சரி என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அன்று தொடங்கியதுதான் அந்த மிஸ்கோல். நீங்கள் இருவரும் பிறந்ததில் இருந்து பார்த்திருப்பீர்கள். நான் சப்பாத்தைக் கழற்றும் முன் போனை எடுப்பேன். ஒரு நாள் மறந்து மாமாவின் மிஸ்கோலுக்குப் பதில் சொல்லிவிட்டேன். "ஏன் எடுத்தனீங்கள்? மணிதானே பேச்சு!" என்று ஏசிவிட்டு வைத்துவிட்டார்.

என் வேலையில் ஆபத்து இல்லை என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஒரு தடவை குடிவெறியில் சண்டை பிடித்த இரண்டு பேரை விலக்கப் போன இடத்தில் உடைந்த போத்தல் என் காதுக்குப் பக்கத்தால் போனது. வீட்டில் நான் யாருக்கும் சொல்லவில்லை. வழக்கம் போல மாமாவுக்கு மிஸ்கோல் அடித்தேன், அவ்வளவுதான். அடுத்த நாள் மாமா தானே எனக்குப் போன் எடுத்தார். "நேற்று உங்கட மணி கன நேரம் அடிச்சது. வைக்க மறந்திட்டீங்கள். என்ன நடந்தது?" என்று கேட்டார். அவருக்கு மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, வந்திட்டீங்கள்தானே," என்றார்.

ஆனால் இத்தனை வருடத்தில் இந்த வேலையில் எனக்கு ஒரே ஒரு காயம்தான் பட்டது. அதை ஏற்படுத்தியது மனிதன் இல்லை. கோயில் திருவிழாவுக்காகக் கோட்டை வீதியில் போக்குவரத்துக் கடமையில் நின்றேன். அங்கே திரியும் மான்களில் ஒன்று ஒரு அம்மாவின் அர்ச்சனைத் தட்டில் வாயை வைத்துவிட்டது. கலைக்கப் போனேன். அது வாழைப்பழத்தை விட்டுவிட்டு என் தொடையில் முட்டியது. நான் ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். சனம் எல்லாம் சிரிப்பு. அன்றைக்கு மிஸ்கோல் போதாது என்று மாமாவோடு கதைத்தேன்.

"மானோ? உண்மையா மானோ தம்பி?" மாமா திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு சிரிப்பு. பின்னால் மாமியின் சிரிப்பும் கேட்டது. "என்னை யானை விழுத்தினது ஊருக்கே தெரியும். என்ர மருமகனை மான் விழுத்தினதை நான் எந்த முகத்தோட வெளியில சொல்ல?" என்றார். எந்த முகத்தோடோ, பொழுதுபடும் முன் தம்பலகாமம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

இனி அந்த மிஸ்கோல் வராத நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

அது பெரும்போக உழவு காலம். நான் வேலை முடிந்து வந்து என் மணியை அடித்துவிட்டேன். மாமாவுடையது வரவில்லை. தேத்தண்ணி குடித்தேன், வரவில்லை. நான் போன் எடுத்தால் "தொடர்பு கொள்ள முடியவில்லை" என்று சொன்னது. மாமிக்கு எடுத்தேன். "குளத்தடியில கூட்டாளியளோட கதைச்சுக்கொண்டு நிப்பார் தம்பி," என்றார். ஆனால் மாமா கதைப்பிரியர் என்றாலும் மிஸ்கோல் அடித்துவிட்டுத்தான் கதைக்கப் போவார். நான் உடுப்பும் மாற்றவில்லை. மோட்டார் சைக்கிளைத் தம்பலகாமம் போகும் கண்டி வீதிக்குத் திருப்பினேன். வழி முழுக்க, பசியில வாற யானையோட கதைக்க ஏலுமோ என்று நான் கேட்டதே என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

பொழுது சாய்கிற வெளிச்சத்தில் மாமாவைக் கண்டுபிடித்தேன். யானை இல்லை. லான்மாஸ்டர் என்று நாங்கள் சொல்லும் இரண்டு சில்லு உழவு இயந்திரம் வரம்பில் ஏறும்போது வாய்க்காலுக்குள் புரண்டு கிடந்தது. அதன் கீழே மாமாவின் கால். போன் தண்ணீருக்குள். இடுப்பளவு சேற்றில் இருந்துகொண்டு, காக்கிச் சட்டையோடு ஓடி வரும் என்னைப் பார்த்தார்.

"பொலிஸ் வந்திட்டுது," என்றார். "லைசன்ஸ் இல்லை ஐயா. பிடிச்சுக்கொண்டு போங்கோ."

என்னால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டு இயந்திரத்தை நிமிர்த்தினோம். காலைத் தூக்கும்போது மாமா என் தோளை இறுக்கிப் பிடித்தார். "வருவீங்கள் எண்டு தெரியும். மணி அடிக்கேல்லயெல்லே," என்றார்.

கால் எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் மாக்கட்டுப் போட்டார்கள். சக்கர நாற்காலி கிடைத்ததும் மாமா சும்மா இருக்கவில்லை. நான் பார்க்கப் போனபோது முகம் முழுக்கச் சிரிப்போடு இருந்தார்.

"தம்பி, கட்டில் கட்டிலாப் போய் விசாரிச்சனான். அந்த ஆள் மேசன், சாரத்தால விழுந்தவர். இந்தப் பெடியன் தென்னை மரத்தால. அவர் லைட் லைன் வேலை. பக்கத்துக் கட்டில் கிண்ணியா நானா, திருக்கை குத்தினது. இந்த ஆஸ்பத்திரி வாட்டில ஒரு பொலிஸும் இல்லை!"

மாமா நானா என்று அண்ணன் முறை சொல்லி அழைத்த அந்தக் கிண்ணியா மீனவர் விட்டுக்கொடுக்கவில்லை. "பொலிஸ்காரர் விழுந்தா தார் ரோட்டுல விழுவார் அண்ணே. நாங்க விழுந்தா கடலுக்குள்ள. நீங்க விழுந்தா சேத்துக்குள்ள. ஆருக்கு மருமகன் நல்லம், சொல்லுங்க?"

என்னால் உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மாமா, பொலிஸுக்குக் கொழும்பில தனி ஆஸ்பத்திரி இருக்கு. அதாலயும் இருக்கலாம்," என்றேன்.

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். "இதை இப்ப ஆர் உங்களிட்டைக் கேட்டது?" வாட்டு முழுக்கச் சிரித்தது. அந்தக் கிண்ணியா மீனவர் அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஆளாகிவிட்டார்.

மகளே, நீ கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். பொலிஸ் வேலையில் ஆபத்து இருக்கிறது, ஊருக்கு அது தெரியும், அதனால் எங்களுக்காக நேர்த்திக்கடன் வைக்கவும் வாசலைப் பார்க்கவும் ஆள் இருக்கிறார்கள். வயலுக்கும் கடலுக்கும் சாரத்துக்கும் போகிறவர்களுக்கும் ஆபத்து அதைவிடக் குறைவாக இல்லை. ஆனால் அவர்களை "வந்திட்டீங்களோ?" என்று கேட்கிறவர்கள் குறைவு. மாமாவிடம் அதைக் கேட்டதுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம். மற்றதெல்லாம் அவர் எனக்குச் செய்ததுதான்.

கால் சுகமான பிறகு மாமா வயலைக் குத்தகைக்குக் கொடுத்தார். ஆனாலும் பின்னேரம் பொல்லை ஊன்றிக்கொண்டு வரம்பு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து மணி அடிப்பார். கடைசி நாளுக்கு முதல் நாளும் அடித்தார். அடுத்த நாள் பகல் மாமி சமைத்த சோற்றை ருசித்துச் சாப்பிட்டார். சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்தவர் அப்படியே அமைதியாகப் போய்விட்டார். பாம்பும் யானையும் இயந்திரமும் கொண்டுபோக முடியாமல், தன் வீட்டுக்குள், வயிறு நிறைந்து போனார். இதைவிட வேறு என்ன வேண்டும்?

எட்டுச் செலவு முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன். முதல் நாள் பின்னேரம் வீட்டு வாசலில் கால் வைத்ததும் கை போனுக்குப் போனது. அப்படியே நின்றுவிட்டேன். யாருக்கு அடிப்பது?

அப்போது போன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது. மாமாவின் இலக்கம். மிஸ்கோல்.

திருப்பிப் போன் எடுத்தேன். மாமி. "தம்பி, வரம்படிக்குப் போயிட்டு வந்திட்டன். குத்தகைக்காரர் நல்லாத்தான் செய்திருக்கிறார். நீங்கள் இன்னும் வரேல்லயோ? மணியைக் காணேல்ல, நான் தேத்தண்ணி குடிக்காமல் இருக்கிறன்."

"வந்திட்டன் மாமி."

"வந்தால் அடியுங்கோவன்! அதுசரி, ஏன் எடுத்தனீங்கள்? மணிதானே பேச்சு!" வைத்துவிட்டார். உங்கள் அம்மா குசினி வாசலில் நின்று சிரித்தார், கண் துடைத்தார், மறுபடி சிரித்தார்.

மாமாவின் மறைவுச் செய்தி கேட்டு ஓடி வந்தவர்களுக்கும், தம்பலகாமத்து அயலவர்களுக்கும், பந்தலும் கதிரையும் தானே கொண்டுவந்து இறக்கிய கிண்ணியா நானாவுக்கும், கடமை மாற்றி எனக்கு விடுமுறை தந்த என் நிலையத்துச் சார்ஜனுக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த சகோதரர்களுக்கும், இன்றைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகளைச் செய்த ஐயருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் என் எழுத்துத்தான் காரணம், மனம் இல்லை.

கடைசியாக மாமி சார்பில் ஒரு வேண்டுகோள். இந்த மலரை வாங்கிக்கொண்டு நீங்கள் எல்லோரும் இன்று பல இடங்களுக்குத் திரும்புவீர்கள். சிலர் கடலுக்கு, சிலர் வயலுக்கு, சிலர் வீதிக்கு. மாமாவின் இலக்கம் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது, அதை அழிக்க வேண்டாம். வீடு போய்ச் சேர்ந்ததும் அந்த இலக்கத்துக்கு ஒரு மணி அடியுங்கள். மாமி எடுக்க மாட்டார். நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று விளங்கிக்கொள்வார்.