லொறியில் பேசுவோம்

எங்கள் அண்ணனுக்குப் போனில் பேச வராது. ஊமை இல்லை. புளத்கொகுபிட்டிய டவுனில் தெரிந்தவர் ஒருவரைக் கண்டால், ஏற வேண்டிய பஸ் போவதையும் பார்த்துக்கொண்டே பேசுகிற ஆள்தான். ஆனால் கத்தாருக்கு வேலைக்குப் போன பிறகு, போனில் அம்மா குரல் கேட்டால் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், வச்சிடுறேன் என்பதுதான். அம்மாவும் அவனுக்குச் சளைத்தவர் இல்லை. பாலைவனத்தில் இருக்கிறவனிடம் அங்கே மழையா என்று கேட்பார்.

இங்கே இருந்தபோது அவன் தோட்டத்து லொறி ஓட்டினான். ஸ்டியரிங் கையில் இருந்தால்தான் அவனுக்கு வாய் திறக்கும். அங்கே கிடைத்தது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை. லொறிகள் வரும், போகும், இவன் ஏற்றி இறக்குவதோடு சரி. பொறுக்க முடியாமல், கூட இருப்பவரின் லேப்டொப்பில் லொறி ஓட்டும் கேம் ஒன்றை விளையாட ஆரம்பித்தான். பிறகு என்னையும் அதில் இழுத்துவிட்டான்.

கேமில் சண்டை இல்லை, சாவு இல்லை. ஆளுக்கொரு பெரிய லொறியில் சரக்கை ஏற்றிக்கொண்டு, எங்கேயோ வெள்ளைக்காரர் ஊர் ரோட்டில் ஒருவர் பின்னால் ஒருவர் போக வேண்டும், அவ்வளவுதான். வளைவே இல்லாத ரோடு. நம்ம ஊரில் அப்படி ஒரு ரோட்டைக் கனவில்தான் பார்க்கலாம். அந்த ரோட்டில் போகும்போது அண்ணன் பேசுவான். அவன் தங்கியிருக்கும் கேம்பில் யாருடைய அப்பா செத்துப்போனார், சுப்பவைசர் எப்படிக் கத்துவான், பல்வலி வந்து ராத்திரியெல்லாம் எப்படி உட்கார்ந்திருந்தான் என்று எல்லாம் வரும். அவனுக்கு வெள்ளிக்கிழமை லீவு. நான் வேலை செய்கிற போட்டோகொப்பிக் கடை முதலாளியும் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும்போது கடையை மூடிவிடுவார், பிறகு திறக்க மாட்டார். ஆகவே வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்களுக்கு லொறி.

கம்ப்யூட்டர் அவன் போகும்முன் வாங்கி வைத்ததுதான். ஏதோ ஒரு ஒபிசில் கழித்துப்போட்ட, பென்சன் எடுக்க வேண்டிய வயசு மெஷின். அது முக்கி முனகி ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருசம் கேமைப் புதுப்பித்தார்கள், வந்தது வினை. திரையில் என் லொறி விட்டு விட்டு நகர்ந்தது. நான் ஸ்டியரிங்கைத் திருப்பி, அது திரும்புவதற்குள் லொறி ரோட்டோரக் கானுக்குள் கிடக்கும். முன்னால் போன அண்ணன் ஓரமாக நிறுத்திக் காத்திருப்பான். ஒரு நாள் கேம் திறக்கவே இல்லை. அதோடு வெள்ளிக்கிழமைகளும் போயின.

போனது அந்த நேரத்திலா போக வேண்டும்? வருசக் கடைசியில் அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. திரும்பி வருவானா, இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடுவானா என்பது அம்மாவுக்குத் தெரிய வேண்டும். வேறு எதுவும் அவருக்குத் தெரிய வேண்டாம். காலையில் றப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போதும் அதே பேச்சு, வந்து சோற்றைப் போடும்போதும் அதே பேச்சு. போனில் கேட்டால் "பாப்போம்மா" என்பான். நான் கேட்டதற்கு, "மெஷினச் சரி பண்ணு பாப்பா. வெள்ளிக்கிழம லொறியில பேசுவோம்" என்றான்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. வருவதும் வராததும் ஒரு வார்த்தை. அதைச் சொல்ல ஒரு மனிதனுக்குப் பதினெட்டுச் சக்கர வண்டி வேண்டுமா? ஆனால் எங்கள் அண்ணனை எனக்குத் தெரியும். வேண்டும்.

புது மெஷின் என்பது நாங்கள் நினைக்கக்கூடாத விஷயம். இருப்பதற்கு ஒட்டுப்போடலாம் என்று பார்த்தால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடும் போலிருந்தது. அண்ணனிடம் கேட்டால் அனுப்பியிருப்பான். அவன் பெட்டி சுமந்து அனுப்புகிற காசில், அவனோடு பேசுவதற்குச் சாமான் வாங்க எனக்கு மனம் வரவில்லை. என் சீட்டு விழுந்ததும் கேகாலைக்குப் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் சிங்களக் கடை ஒன்று இருக்கிறது. எனக்கு வேண்டியது முக்கியமாகத் திரையில் படத்தைத் தடங்காமல் ஓட்டுகிற ஒரு கிராபிக்ஸ் கார்ட், கூட ஒரு ரேம். கார்டிலும் எங்கள் மெஷினுக்கென்று ஒரு சிக்கல். அதன் பவர் சப்ளை சின்னது, தனியாக வயர் இழுத்துக் கரண்ட் குடிக்கிற பெரிய கார்டை அது தாங்காது. போர்டில் குத்தினால் அங்கிருந்து வருவதை மட்டும் குடித்துவிட்டு வேலை செய்கிற கார்ட்தான் வேண்டும். நாங்கள் குடியிருக்கும் லயத்தில் சாயந்தரம் எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கர் போட்டால் பல்பே மங்கிப்போகும். அந்தக் கரண்டில் பெரிய கார்டை வைத்து என்ன செய்வது?

கடைக்காரர் பழைய கார்ட் ஒன்றை எடுத்து, தன் மேசையிலிருந்த மெஷினில் குத்தி, கேம் ஓட்டிக் காட்டினார். நன்றாக ஓடியது. வேகமாகத் திறக்கிற புது டிஸ்க்கும் போடச் சொன்னார், வேண்டாம் என்றேன். கேம் திறக்க நேரமாகும், ஆகட்டும், அதற்குள் தேத்தண்ணி ஊற்றலாம். ஹெட்போனும் வேண்டாம் என்றேன். என்னுடைய பழைய ஹெட்போனில் ஒரு காது எப்போதோ போய், மற்றக் காதும் அண்மையில் போய்விட்டது. வீட்டில் அண்ணன் விட்டுப்போன ஸ்பீக்கர் இருந்தது. பேசுவதற்கு ஒரு குட்டி மைக் மட்டும் வாங்கினேன். யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதைதான், ஆனால் என் கையில் மிச்சம் இருந்தது பஸ் காசு.

வீட்டுக்கு வந்தபோது ஆயுத பூசைக்கு முதல் நாள். அம்மா லயத்து வாசலில் வாளியையும் பால் வெட்டும் கத்தியையும் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதைப் பார்த்ததும், "இப்ப மாட்டாத. புதுச் சாமான் பூசையில இருக்கட்டும். அப்புறம் எடுத்து மாட்டு" என்றார்.

"அம்மா, இது கேம் வெளயாடுற சாமான். ஆயுதம் இல்ல."

"கத்தி பாலு வெட்ட. கரண்டி சோறு போட. இது என்னாத்துக்கு? எம்மகன் வாயத் தொறக்கிறதுக்கு. அப்ப இதுவும் ஆயுதந்தான். வையி."

வைத்தேன். வாதாடி ஜெயிக்கிற வழக்கா அது? மறுநாள் சாமி படத்துக்கு முன்னால் வாழை இலையில் கத்தி, வாளி, அரிவாள்மணை, கார்ட், ரேம், மைக் எல்லாம் வரிசையாக இருந்தன. அம்மா எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அவல், கடலை, கற்பூரம் எல்லாம் நடந்தது. அன்றைக்கு எந்த ஆயுதத்தையும் தொடக்கூடாது. எனக்குக் கை நமைத்தது.

விஜயதசமி காலையில், கார்டின் காற்றாடியிலிருந்த பொட்டைத் துணியால் துடைத்து மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டேன். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. கழற்றி மாட்டினேன், ரேமை மாற்றிப் பார்த்தேன், மொனிட்டர் வயரை மாற்றிப் பார்த்தேன். கறுப்புதான். பழைய ரேமோடு கார்ட் இல்லாமல் போட்டால் மெஷின் வேலை செய்தது. அப்படியானால் கோளாறு கார்டில்.

கடைக்காரர் ஓட்டிக் காட்டினது ஒன்று, சுற்றிக் கொடுத்தது இன்னொன்று என்று முடிவு கட்டினேன். தமிழ்ப் பிள்ளை, தோட்டத்திலிருந்து வந்திருக்கிறாள், இவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்திருப்பார். மறுநாள் வெள்ளிக்கிழமை. அண்ணனிடம் மெஷின் தயார் என்று சொல்லியாகிவிட்டது. முதலாளிக்குப் போன் செய்து லீவு சொல்லிவிட்டு கேகாலை பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்கச் சிங்களத்தில் வசனம் தயார் செய்தேன். கோபப்படும்போது எனக்குச் சிங்களம் தமிழைவிட நன்றாக வரும்.

கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே தொடங்கினேன். கடைக்காரர் என்னைப் பேசவிட்டுவிட்டு, கார்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். போர்டுக்குள் போய் உட்காருகிற விளிம்பில், தங்க நிறத்தில் பல் பல்லாகக் கோடுகள் இருக்கும். அதை விரல் நகத்தால் சுரண்டினார். மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது.

"நங்கி, மொகக்த மே?" என்றார்.

இது என்ன தங்கச்சி என்று கேட்கிறார். நான் வாங்கிப் பார்த்தேன். பிறகு மூக்கருகில் கொண்டுபோனேன். சந்தனம். பால் வெட்டின கையால் அளவெடுத்து வைத்த மாதிரி, விளிம்பு முழுக்க இடைவெளி விட்டு விட்டுப் பொட்டுகள். காய்ந்து, பல்லுக்குப் பல் அடைத்துக்கொண்டிருந்தது. நான் காற்றாடியைத் துடைத்தேனே தவிர விளிம்பைப் பார்க்கவில்லை.

இவ்வளவு நேரம் கத்திய வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பூசையைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார், ஆனால் கெட்ட சிரிப்பு இல்லை. மேலே புத்தர் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கைக் காட்டி, தானும் காலையில் இதை ஏற்றாமல் ஒரு மெஷினையும் தொடுவதில்லை என்றார். ஆனால் எண்ணெயை மெஷினுக்குள் ஊற்றுவதில்லை என்றும் சொன்னார். அந்தக் குத்தல் எனக்கு வேண்டியதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் விளிம்பைத் தேய்த்து, ஏதோ ஸ்பிரிட்டால் துடைத்து, மேசையில் மாட்டினார். திரை பளிச்சென்று வந்தது. வீட்டுப் போர்டின் ஓட்டைக்குள்ளும் தூள் இருக்கும், காய்ந்த டூத் பிரஷ்ஷால் தட்டு என்று சொல்லி அனுப்பினார். காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பாய்ந்தேன். "ஏம்மா, வேற எடமே கெடைக்கலயா?"

"மத்த எடமெல்லாம் முள்ளு முள்ளா இருந்துச்சு. அது ஒண்ணுதான் தங்கம் மாதிரி இருந்துச்சு. பொட்டு வைக்க வேற எங்க வைக்கிறது?" என்றார் அம்மா. சொல்லிவிட்டு, டூத் பிரஷ்ஷை அவரே எடுத்து வந்து கொடுத்தார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "கெட்டுப் போச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்குக் கோபம் அதற்கு மேல் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கேம் திறந்தது. அம்மாவுக்கு அன்று தோட்டத்துப் பெரட்டு வேலை முடிந்து, பால் நிறுத்துக் கொடுத்து, குளித்தும் ஆகிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். போனிலிருந்து இன்டர்நெட் எடுக்க, அதை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தேன். அங்கேதான் சிக்னல் வரும்.

ரோடு தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. தூரத்து மரங்களின் இலைகூடத் தெரிந்தது. முன்னால் அண்ணனின் சிவப்பு லொறி. ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது. "அட, பாப்பா வண்டி நேரா வருதே!" பிறகு அவன் பேச ஆரம்பித்தான். சுப்பவைசர் மாறினது, கேம்பில் பூனை குட்டி போட்டது, புதிதாக வந்த பையனுக்கு இவன் சோறு சமைக்கப் பழக்கினது எல்லாம் சொன்னான். இடையில் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் கை சுளகில் அப்படியே நின்றிருந்தது. இதுவரைக்கும் வெள்ளிக்கிழமைகளில் நான் ஹெட்போனில்தான் கேட்டிருந்தேன். தன் மகன் இவ்வளவு பேசுவான் என்பதை அம்மா அன்றைக்குத்தான் கேட்கிறார்.

வெளியே இடி முழங்கியது. இந்த மாதத்தில் எங்கள் பக்கம் பின்னேரமானால் இடிதான். ஒரு சத்தம் கேட்டாலே வீட்டிலுள்ள பிளக்கையெல்லாம் ஓடி ஓடிக் கழற்றுகிறவர் அம்மா. அன்றைக்கு எழும்பவில்லை.

"பாப்பா," என்றான் அண்ணன். "நான் கையெழுத்துப் போட்டுட்டேன். போன கெழமயே. ஊருக்கு வந்து நின்னா மறுபடி லொறி கெடைக்கும்னு என்னா நிச்சயம்? இன்னும் ரெண்டு வருசம் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்துட்டு வாறேன். அம்மாகிட்ட சொல்லாத. தீவாளி கழியட்டும்."

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். முதலிலேயே அவனைத் தடுத்திருக்கலாம், ஆனால் அவன் பேசுவதைக் கெடுக்க எனக்கும் மனம் வரவில்லை.

"என்னா, கேக்குதா?"

"கேக்குது அண்ணே. ஸ்பீக்கர்ல கேக்குது."

முன்னால் போன சிவப்பு லொறி வேகம் குறைந்தது. சிக்னல்கூடப் போடாமல், பாதி ரோட்டிலும் பாதி ஓரத்திலுமாக நின்றுவிட்டது. நானும் பின்னால் நிறுத்தினேன்.

அம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "இதுல அவன் எது?" என்று கேட்டார். சிவப்பைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். எங்கே பேச வேண்டும் என்று தெரியாமல் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"நடு ரோட்டுல நிக்காத தம்பி. பின்னால வண்டி வரும். ஓட்டு."

லொறி மெதுவாக நகர்ந்தது. அம்மா கட்டிலுக்குத் திரும்பிப் போகவில்லை. என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, எப்போதும் போனில் கேட்பதையே கேட்டார்.

"சாப்பிட்டியா?"

"இல்லம்மா," என்றான் அண்ணன். "இன்னும் சாப்பிடல."